உங்களுக்குத் தெரியுமா? ஜப்பானில் இடறிய சொல், மதுரையில் தேடிய சொல்

முத்துக்குளித்துறையில் கிறித்தவ மறைப்பணி செய்த பிரான்சிஸ் சேவியர் 1549-இல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். கடவுளைக் குறிக்க அங்கே முதலில் எடுத்தாண்ட சொல் 'தைனிச்சி'. அதுவோ ஷிங்கோன் பௌத்தர்கள் வணங்கும் மகாவைரோசன புத்தரின் பெயர். தங்கள் சமயத்தையே இவர் பேசுவதாக எண்ணித் துறவிகள் வரவேற்றார்கள். விஷயம் தெரிந்ததும் அவர் அதைக் கைவிட்டு, 'தேயுஸ்' என்ற லத்தீன் சொல்லையே வழங்கினார். பிறமொழிச் சொல்லை அப்படியே வைத்தால் குழப்பம் வராது என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. ஆனால் ஜப்பானிய எதிரிகள் அதையும் 'தாய் உசோ', அதாவது 'பெரும்பொய்' என்று திரித்தார்கள். சொல்லின் பொருளை அகராதி மட்டும் தீர்மானிப்பதில்லை. கேட்பவர் காதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

1606-இல் மதுரைக்கு மறைப்பணிக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி இதை ஆழமாக உணர்ந்தவர் என்பேன். கத்தோலிக்கரின் பலிவழிபாட்டைக் குறிக்கும் லத்தீன் 'மிஸ்ஸா' தமிழ்க் காதில் 'மீசை'யோடு உரசும்; 'பூசை' என்றால் வழிபாடு என்பது எவருக்கும் விளங்கும். கடவுளுக்கு அவர் கொண்ட சொல் 'சருவேசுரன்'. சொக்கநாதர் கோயில் கொண்ட ஊரில் ஈசுவரன் என்றால் சிவன்தானே, இதுவும் தைனிச்சிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தைனிச்சி ஒரு தனிப்பெயர். சருவேசுரன் 'எல்லாவற்றுக்கும் தலைவன்' என்று பொருள் விரியும் சொல். பழைய பொருளின் வாசனை அதில் இருந்தது உண்மை. புதிய பொருளுக்கும் அதில் இடம் இருந்தது. அந்த வழிபாட்டுக்குத் 'திருப்பலி' என்ற சொல் வந்த பிறகும் கத்தோலிக்கர் பேச்சில் 'பூசை' வழங்குகிறது.