நான்கு விநாடி என்ற அனுமானம்

டிசம்பர் 27, 2022 நெருங்க நெருங்க, போயிங் 737 மேக்ஸ் விமானத்தைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஒரு குழப்பமே மேலோங்கி நின்றது: விமானத்தின் மூக்கைத் தானாகத் தாழ்த்தும் எம்காஸ் மென்பொருளைத் திருத்திவிட்ட பிறகும் அமெரிக்கச் சட்டம் அந்த நாளைக் கெடுவாக விதித்தது எதற்காக? மென்பொருள் திருந்தியது உண்மை. ஆனால் அதை உருவாக்கிய ஸ்தாபனத்தின் கட்டமைப்பைப் பற்றியே சந்தேகம் நீடித்தது.

மனித இயல்புக்கேற்பக் கருவியை வடிவமைப்பதே மனிதக் காரணிப் பொறியியல் என்று நிறுவன அறிக்கைகள் கூறும். அத்துறை நிபுணர் "கூடாது" என்றால் அதைக் கேட்டு நடக்கும் கடமை யாருக்கு உண்டு என்பதை அவை கூறுவதில்லை. இயக்குபவர்மீது பழி போடுவது மேல்நிர்வாகத்துக்குச் சௌகரியமாக இருக்கும்வரை, வடிவமைப்பைத் திருத்தும் நிர்ப்பந்தம் அங்கே எழாது என்பதைச் சமூகவியல் அறிஞர் சார்லஸ் பெரோ 1983-இலேயே எடுத்துக்காட்டினார்.

சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தோடு போயிங் செய்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். மேக்ஸுக்கு மாறும் விமானிகளுக்குச் சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்குப் 10 லட்சம் டாலர் விலையைக் குறைப்பதாகப் போயிங் ஒப்புக்கொண்டிருந்தது. புதிய அமைப்பைப் புதியது என்று சொல்வதே நஷ்டம் என்றாகிவிட்ட அந்தச் சூழலில், எம்காஸைத் தனி அமைப்பாகக் காட்டினால் சான்றளிப்புச் சுமையும் பயிற்சிச் சுமையும் கூடும் என்று 2013-ஆம் ஆண்டின் உட்கூட்டக் குறிப்பொன்று கவலைப்பட்டது. விமானிகளின் கையேட்டிலும் பின்னர் அதற்கு இடமில்லாமல் போயிற்று. இத்தனைக்கும், 2012-இலேயே போயிங்கின் சோதனை விமானி ஒருவர், சிமுலேட்டரில் எம்காஸ் தானாக மூக்கைத் தாழ்த்தியபோது அதை உணர்ந்து சமாளிக்கப் 10 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு, அந்நிலையைப் பேரழிவு என்றே மதிப்பிட்டிருந்தார். ஆயினும், விமானி 4 விநாடிக்குள் செயல்பட்டுவிடுவார் என்ற அனுமானத்தின்மேலேயே வடிவமைப்பு நின்றது. அறிவு கீழ்த்தட்டில் இருந்தது. தீர்மானிக்கும் அதிகாரம் விலைப்பேச்சு நடந்த மேல்தட்டில் இருந்தது. 2018 அக்டோபரில் ஜாவாக் கடலிலும், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலுமாக இரு மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 உயிர்கள் போயின.

இனி, மற்ற கேள்விகள்.

கெடு எதைப் பற்றியது? 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எச்சரிக்கைகளைத் தரம் பிரித்து அவசர வரிசையில் காட்டும் அமைப்பில்லாத பெரிய பயணிகள் விமானத்துக்கு 2022 டிசம்பர் 27-க்குப் பின் புதிய வகைச் சான்று கிடையாது என்றிருந்தது.

எந்த விமானங்களுக்கு? அப்போது சான்று பெறாதிருந்த மேக்ஸ் 7, மேக்ஸ் 10.

ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த மேக்ஸ் 8, 9? அவற்றை இக்கெடு தொடவில்லை.

கெடுவை நீட்டும் அதிகாரம் யாரிடம் இருந்தது? 2022-இல் போயிங் நீட்டிப்பைக் கேட்டது, தீர்மானிக்கும் இடத்தில் இருந்தது அமெரிக்கக் காங்கிரஸ்.

மேக்ஸ் குடும்பம் முழுவதற்கும் ஒரே மாதிரிக் காக்பிட் இருப்பதே பாதுகாப்பு என்ற வாதம்? சிமுலேட்டர் பயிற்சி வேண்டாம் என்ற வாக்குறுதியும் இதேபோன்ற ஒற்றுமையைக் காட்டித்தான் தரப்பட்டது.