தரிப்பிடத்திலும் தவக்குல்

பெருநாள் கொள்வனவுக்குப் புறக்கோட்டை செல்லும் சகோதரிகளே! மாடித் தரிப்பிடத்தில் காரை விட்டுவிட்டு, "அல்லாஹ் பாதுகாப்பான்" என்று கண்ணாடியைக்கூட ஏற்றாமல் போவோர் உண்டு. ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்கலாமா எனக் கேட்டவரிடம், கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியது திர்மிதியில் பதிவாகியுள்ளது.

தரிப்பிடச் சீட்டைக் காருக்குள் வைத்துச் செல்லாதீர்கள். திருடன் வெளியேற அதுவே போதும். உறங்கும் பிள்ளையை உள்ளே விட்டுச் செல்லவே கூடாது. நிலக்கீழ்த் தளத்தில் என்ஜினை ஓடவிட்டு அமர்ந்திருப்பதும் ஆபத்து. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

விளக்கெரியாத மூலையைக் கண்டால் வீட்டில் வந்து முணுமுணுத்துப் பயனில்லை. கட்டணம் வாங்குவோரிடம் வெளிச்சமும் காவலாளியும் கேளுங்கள். புடவைக்கடையில் பேரம் பேசும் நமக்கு இதற்கா நா எழாது? யாரும் பின்தொடர்வதாகத் தோன்றினால் காரை நோக்கி நடக்காமல், ஆட்கள் நிற்கும் கடைக்குத் திரும்பி 119ஐ அழையுங்கள்.