படையில்லாத் தளபதி



விக்ரோலியிலே நம்மவர் குடியிருக்கும் கண்ணம்வார் நகர், தாகூர் நகர், பார்க்சைட் முதலிய பகுதிகளில், வளர்ந்த பிள்ளைகள் உள்ள இல்லங்கள் பலவற்றிலிருந்து அண்மைக் காலமாக ஒரு புதிய முறையீடு நம் காதில் விழுகிறது. "பையன் கால்பந்து ஆடுகிறான், ஆனால் காலால் ஆடவில்லை. இரவு பதினொரு மணி வரையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் அணியையே நடத்துகிறானாம். இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று தந்தைமார் வினவுகின்றனர். தாய்மாரின் கவலை வேறு. "இதுவும் காசு வைத்து ஆடும் சூதுதானோ?" என்பதே அவர்கள் ஐயம். இரண்டும் நியாயமான கேள்விகள். ஒற்றை அறைக் குடித்தனத்தில் ஒரு விளக்கு எரிந்தால் எல்லாருடைய உறக்கமும் கெடும். ஆதலின் இவ்விளையாட்டு யாது என்பதை முதலில் அறிந்து, பின்னர் அதனைக் கண்டிப்பதா, அனுமதிப்பதா என்று முடிவு செய்வதே முறையாகும்.

இவ்விளையாட்டில் ஆடுபவன் பந்தைத் தொடுவதே இல்லை. அவன் ஓர் அணியின் நிர்வாகி. யாரை ஆடவிடுவது, யாரை வெளியில் அமர்த்துவது, எந்த அமைப்பில் நிறுத்துவது, எதில் பயிற்சி தருவது, யாரை விற்று யாரை வாங்குவது என்பனவற்றை அவன் தீர்மானிப்பான். ஆட்டத்தின் போக்கைக் கணிப்பொறி கணக்கிட்டுச் சொல்லும். இத்தகைய ஆட்டத்தை 1982-ஆம் ஆண்டில் கெவின் டாம்ஸ் என்ற ஆங்கிலேயர் 'ஃபுட்பால் மேனேஜர்' என்ற பெயரில் வெளியிட்டார். 1992-இல் காலியர் என்னும் உடன்பிறந்தார் இருவர் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்ற ஆட்டத்தைப் படைத்தனர். அவர்கள் நிறுவிய குழுவே 2004 முதல் 'ஃபுட்பால் மேனேஜர்' என்ற பழைய பெயரிலேயே தம் ஆட்டத்தை வெளியிட்டு வருகிறது. இவை பெரும்பாலும் ஒருவர் தம் கணிப்பொறியோடு தனித்து ஆடுவதற்கு ஏற்றவை. 1997-இல் சுவீடனில் தோன்றிய 'ஹாட்ரிக்' என்ற ஆட்டமோ இணையத்தின் வழியே நடப்பது. அங்கே எதிரணியை நடத்துபவரும் எங்கோ ஒரு நாட்டில் அமர்ந்திருக்கும் நம்மைப் போன்ற மனிதரே. அவசரம் அங்கே இல்லை. வாரத்திற்கு ஒரு லீக் ஆட்டம், வாரத்திற்கு ஒருமுறை பயிற்சியின் பயன், பதினாறு வாரம் கொண்ட ஒரு பருவம் என்று அது மெல்ல நகரும்.

இந்த ஹாட்ரிக்கில் ஒரு பதவி உண்டு. அதைப் பற்றிக் கூறவே நாம் எழுதுகோலை எடுத்தோம். அதுதான் தேசிய அணியின் பயிற்றுநர் பதவி. அப்பதவியை விலை கொடுத்து வாங்க முடியாது. வெற்றிகளைக் குவித்தவருக்குத் தானாக வந்து சேர்வதும் இல்லை. அந்நாட்டில் கழகம் நடத்துவோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டியிடுபவர் தம் கொள்கையை எழுதி வாக்காளர் முன் வைக்கிறார். தோற்றவர் அடுத்த தேர்தலுக்குக் காத்திருக்கிறார்.

வெற்றி பெற்றுப் பதவியில் அமர்ந்த பின்னர்தான் உண்மை புலப்படும். தேசியப் பயிற்றுநரிடம் சொந்தமாக ஓர் ஆட்டக்காரர்கூட இல்லை! அவரால் யாரையும் வாங்கவோ விற்கவோ இயலாது. யாருக்கும் பயிற்சி அளிக்கவும் இயலாது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஏதோவொரு கழகத்தாருக்கு உரியவர். அந்தக் கழகமும் தம் நாட்டிலேயே இருக்கவேண்டும் என்பதில்லை. இந்தியாவில் தோன்றிய ஆட்டக்காரர் இத்தாலியில் ஒருவர் நடத்தும் கழகத்துக்கு விற்கப்பட்டிருக்கலாம். ஆனால் எங்கே சென்று உழைத்தாலும் பிறந்த நாட்டின் பெயர் அவரோடு ஒட்டியிருக்கும். அழைப்பு வந்தால் அந்நாட்டு அணிக்குத்தான் ஆடுவார். பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்த நம்மவர்க்கு இந்த விதியை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

பயிற்றுநரின் இக்கட்டு எத்தகையது என்பதற்கு ஒரு சான்று காண்போம். ஹாட்ரிக்கில் ஒரு கழகம் ஒரு வாரத்தில் ஒரு திறமைக்குத்தான் முதன்மைப் பயிற்சி தரமுடியும். கோல்காப்பாளருக்கு உரிய பயிற்சியை ஒருவர் தேர்ந்தால், அதனால் பயன் பெறுவோர் கோல் காக்கும் ஓரிருவரே. ஏனையோர் இருந்த இடத்திலேயே நிற்பர். நாட்டுக்குச் சிறந்த கோல்காப்பாளர் வேண்டுமானால், யாரேனும் ஒருவர் பல பருவங்கள் தம் கழகத்தின் நலனைக் குறைத்துக்கொண்டு அவ்விளைஞரை வளர்த்துத் தரவேண்டும். அவருக்கு ஆணையிடப் பயிற்றுநருக்கு அதிகாரம் இல்லை. மடல் எழுதலாம், காரணம் காட்டலாம், நன்றி கூறலாம், அவ்வளவே. முகமறியாத அயல்நாட்டவர் ஒருவரை வெறும் சொல்லால் இசையச் செய்யவேண்டும். இத்தகைய தளபதியைப் படையில்லாத் தளபதி என்று கூறாமல் வேறு எவ்வாறு கூறுவது?

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் முழு மூச்சாகப் போராடச் சொன்னால் அணியின் ஊக்கம் அடுத்த ஆட்டத்திற்குள் வடிந்துவிடும். எளிய ஆட்டத்தில் சற்று அடக்கி ஆடச் சொன்னால் அது சேமிப்பாக வளரும். எந்த நாளில் செலவிடுவது, எந்த நாளில் சேமிப்பது என்ற கணக்கில்தான் உலகக் கோப்பையே தங்கியிருக்கிறது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம் இல்லத்தரசியருக்கு இக்கணக்கு புதிதன்று.

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்துப்பணி செய்யும் நமக்கு இந்நிலை மிகவும் பழகியது. பண்டிகைக் காலத்தில் ஒரு சிறப்பு வண்டி விடவேண்டும் என்று மேலிடம் முடிவு செய்துவிடும். ஆனால் அந்த வண்டிக்கென்று ஓட்டுநர் தனியாகப் பிறந்து வரமாட்டார். ஏதோவொரு பணிமனையின் பட்டியலில் உள்ளவரை, அங்குள்ள வேலையும் கெடாமல், அவருக்குரிய ஓய்வும் குறையாமல் கேட்டுப் பெறவேண்டும். அவ்வண்டியின் பின்கோடியில் நிற்கும் கார்டு என்பவருக்கு 2022 முதல் 'டிரெயின் மேனேஜர்' என்றே பெயர் சூட்டியிருக்கிறார்கள். நிர்வாகி என்ற சொல்லின் பொருள் ஆணையிடுபவர் என்பதைவிட, பலரை இசைவித்து ஒரு காரியத்தை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் என்பதே பொருத்தம்.

திரையில் நடக்கும் இந்த ஆட்டம் வெறும் கற்பனை அன்று. நம் நாட்டின் கால்பந்து வரலாற்றிலேயே இதற்கு மூலம் இருக்கிறது. சையத் அப்துல் ரகீம் என்பார் ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்றுவித்த ஐதராபாத் போலீஸ் அணி, நம் பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. அந்த அணி அவர் கையில் வளர்ந்தது. இந்திய அணியோ அவ்வாறன்று. அதில் ஆடியோர் கல்கத்தாக் கழகங்களிலும், ராணுவத்திலும், போலீசிலும், இருப்புப்பாதைகளிலும் பணியாற்றியவர்கள். ஆண்டில் சில வாரங்களே அவர்கள் அவரிடம் இருந்தனர். அந்தச் சில வாரங்களை வைத்துக்கொண்டு 1951-இல் ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்றார். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. அங்கே ஆஸ்திரேலியாவை எதிர்த்து மூன்று கோல் அடித்தவர் பம்பாயில் ஆடிவந்த நெவில் டிசோசா.

ரகீமின் அணியில் நம்மவர்க்கும் பங்கு உண்டு. தமிழ்ப் பெற்றோருக்கு மகனாகச் செகந்தராபாத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம், 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் வலிமை மிக்க ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார். 2023-இல் அவர் மறைந்தபோது நம் இல்லங்களில் எத்தனை பேர் அச்செய்தியை அறிந்தனர் என்பது ஐயமே. ராணுவத்தின் மதராஸ் படைப்பிரிவு மையத்தில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். கிழக்கு இருப்புப்பாதையைச் சேர்ந்த பி.கே.பானர்ஜி வலப்புறத்தில் விரைந்தார்.

1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் ரகீமின் திறம் முழுவதும் வெளிப்பட்டது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. பின்னர்த் தாய்லாந்துடன் ஆடியபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னெயில் சிங்கின் தலையில் காயம் பட்டுத் தையல் போட நேர்ந்தது. காயம் பட்டவரைப் பின்வரிசையில் நிறுத்தினால் ஆபத்து. வெளியில் அமர்த்தினாலோ இழப்பு. ரகீம் அவரை முன்வரிசைக்கு மாற்றினார்! அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராகவும், செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவுக்கு எதிராகவும் ஜர்னெயில் சிங் கோல் அடித்தார். பானர்ஜியின் கோலும் சேர 2-1 என்று தங்கம் நமதாயிற்று. அப்போதே நுரையீரல் நோயால் நலிந்திருந்த ரகீம் 1963 ஜூனில் காலமானார். ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கத்தை அதன்பின் நாம் கண்டதில்லை.

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஒரு பயிற்றுநர் படிக்கவேண்டிய பாடத்திட்டம் இதுவே என்பதில் ஐயமில்லை. ஜர்னெயில் சிங்கை இடம் மாற்றியது இடனறிதல் அன்றோ?

படையில்லாத் தளபதியின் துன்பம் இன்றும் தீரவில்லை. 2023-இல் சீனத்தின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு நடந்தபோது, இந்தியன் சூப்பர் லீக் போட்டிகளும் அதே வாரத்தில் தொடங்கின. விதிப்படி கழகங்கள் கட்டாயம் ஆட்டக்காரரை விடுவிக்கவேண்டிய காலம் அதுவன்று. ஆகவே பலரை அனுப்பக் கழகங்கள் இசையவில்லை. அப்போதைய பயிற்றுநர் இகோர் ஸ்டிமாக், கிடைத்தவர்களைக் கொண்டு அணி அமைத்தார். பயணக் களைப்பு நீங்குமுன்னரே ஆடிய முதல் ஆட்டத்தில் சீனம் 5-1 என்று வென்றது. இதில் யாரைக் குறைகூறுவது? கழகத்தார்க்கு அவர்கள் போட்டி முக்கியம். நாட்டுக்கு இது முக்கியம். ஹாட்ரிக்கில் மடல் எழுதிக் காத்திருக்கும் நம் பிள்ளைக்கு இச்செய்தியின் உட்பொருள் நம்மைவிட விரைவில் விளங்கும்.

2025-இல் இந்திய அணிக்குப் பயிற்றுநர் தேவை என்று கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தபோது நூற்றெழுபது விண்ணப்பங்கள் வந்தன. உலகப் புகழ் பெற்ற ஸ்பானியப் பயிற்றுநர்களான சாவி, கார்டியோலா ஆகியோர் பெயராலும் மின்னஞ்சல்கள் வந்து, அவை உண்மையானவை அல்ல என்று பின்னர் அறிவிக்கப்பட்டது தனி வேடிக்கை. அவ்வாண்டு ஆகஸ்டில் அப்பொறுப்பு காலித் ஜமீலுக்குக் கிடைத்தது. அவர் நம் மும்பை எஃப்.சி. அணிக்குப் பயிற்றுநராக இருந்தவர். பெருஞ்செல்வம் இல்லாத ஐஸ்வால் அணியை 2017-இல் ஐ-லீக் வெற்றியாளராக்கியவர். 2012-க்குப் பின் இந்தியர் ஒருவர் அப்பதவியில் அமர்ந்தது அப்போதுதான்.

இனி, தந்தைமாரின் கேள்விக்கு வருவோம். இதனால் சோறு கிடைக்குமா? அஜர்பைஜான் நாட்டின் பாகூ கழகம், கணிப்பொறி ஆட்டத்தில் தேர்ந்த இருபத்தொரு வயது இளைஞர் ஒருவருக்கு 2012-இல் தன் இரண்டாம் அணியின் பொறுப்பை அளித்தது. 2024-இல் லிவர்பூல் நகரில் ஃபிஃபா நடத்திய ஃபுட்பால் மேனேஜர் உலகக் கோப்பையை இந்தோனேசியா வென்றது. மெய்யான உலகக் கோப்பையை வென்றிராத நாடு திரையில் எட்டிப் பிடித்தது. ஆயினும் இவை அரிதினும் அரிது. இவற்றைக் காட்டிப் படிப்பைக் கைவிடும் பிள்ளையை எவரும் ஆதரிக்கலாகாது. கிடைப்பது வேலை அன்று. வேலைக்கு வேண்டிய சில குணங்களே. எண்களைப் படித்துப் பொருள் காணுதல், பொறுத்திருத்தல், அதிகாரமின்றி ஒருவரை இசைவித்தல், தேர்தலில் தோற்றபின் வென்றவருக்கு உதவுதல் ஆகியவை அக்குணங்கள்.

தாய்மாரின் ஐயத்திற்கும் விடை உண்டு. ஹாட்ரிக்கை இலவசமாகவே ஆடலாம். விரும்புவோர் கட்டும் சந்தாவால் ஆட்டத்தில் வெற்றி கூடுவதில்லை. ஃபுட்பால் மேனேஜரை விலை கொடுத்து வாங்கவேண்டும். ஆனால் பந்தயம் அதில் இல்லை. பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டங்கள் வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், மின்விளையாட்டுப் போட்டிகளையும் பொழுதுபோக்கு ஆட்டங்களையும் தனியே பிரித்து, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. எனவே பெற்றோர் ஒன்றைக் கேட்டால் போதும்: "இந்த ஆட்டத்தில் காசு கட்டி, வென்றால் காசு வருமா?" ஆம் என்றால், அன்றே அதை நிறுத்துக. இல்லை என்றால், நேரத்தை மட்டும் வரையறை செய்க. வாரத்திற்கு இரண்டு ஆட்டம் நடக்கும் விளையாட்டுக்கு நாள்தோறும் நடுஇரவு வரை விழித்திருக்கத் தேவையே இல்லை; அப்படி விழித்திருந்தால் அவன் ஆடுவது வேறு ஏதோ ஒன்று என்று அறிக.

இன்னும் ஒன்று சொல்ல விழைகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி அருந்தும் வேளையில், பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இவனை ஏன் அணியில் சேர்த்தாய்? அவனை ஏன் விட்டாய்?" என்று கேளுங்கள். மகள் ஆடினால் அவளையும் அவ்வாறே கேளுங்கள். காரணம் சொன்னால் செவிமடுங்கள். காரணம் இல்லையெனில் அதையும் எடுத்துக் காட்டுங்கள். பின்னர் மாலையில் மெய்யான பந்து ஒன்றைக் கையில் கொடுத்துத் திடலுக்கு அனுப்புங்கள். அங்கே பதினோரு பேரைச் சேர்ப்பதற்குள், மராத்தி பேசும் நண்பனையும், இந்தி பேசும் நண்பனையும், எதிர்வீட்டுப் பையனையும் கெஞ்சிக் கேட்டு அழைத்துவர வேண்டியிருக்கும். தேசிய அணியை அமைக்கும் கலை அங்கேதான் தொடங்குகிறது.