கயிறு போதும், மையம் வேண்டாம்

திருத்தணியைச் சுற்றியுள்ள கரும்பு, நெல் வயல்களுக்கு நடுவே வட்டக் கிணறுகள் உண்டு. அப்படியொரு கிணற்றில் நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால் எத்தனை லிட்டர் இறைத்தோம் என்று அறிய, பள்ளிப் பாடம் சொல்லும் வழி ஒன்றுதான்: ஆரத்தை அதனாலேயே பெருக்கி, வரும் விடையைப் பை மதிப்பால் பெருக்கு. சூத்திரத்தில் பிழையில்லை. ஆனால் ஆரம் மையத்திலிருந்து தொடங்குகிறது. கிணற்றின் மையமோ அந்தரத்தில் இருக்கிறது. கோயில் தூணுக்கு அது கல்லுக்குள்ளே, மரத்துக்கு வைரத்துக்குள்ளே. கைக்கு எட்டுவது சுற்றளவு மட்டுமே. வட்டக் கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

கைப்பிடிச் சுவரை வெளிப்புறமாகச் சுற்றிக் கயிறு பிடித்தால் 66 அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 7ஆல் பெருக்கி 22ஆல் வகுத்தால் வெளிவிட்டம் 21 அடி. சுவரின் கனம் ஒன்றரை அடி என்றால் இரு பக்கமும் சேர்த்து 3 அடி கழியும். உள்விட்டம் 18, ஆரம் 9. உள்சுற்றளவு ஏறத்தாழ 56.6 அடி. அதில் பாதியை ஆரத்தால் பெருக்கினால் பரப்பு சுமார் 254 சதுர அடி. ஆக, ஓர் அடி நீர் என்பது 254 கன அடி, அதாவது ஏறக்குறைய 7,200 லிட்டர். மோட்டார் எவ்வளவு நேரம் ஓடினால் எவ்வளவு பாயும் என்பதை இனி நிதானமாகவே திட்டமிடலாம்.

பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கும் இந்த விதி புதிதல்ல. காரி நாயனாரின் கணக்கதிகாரம் இதைத் தமிழில் சொல்கிறது, கி.பி. 499இல் ஆரியபட்டரும், கிறிஸ்து பிறப்பதற்கு இரு நூற்றாண்டுகளுக்கும் முன்பே கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசும் இதே உண்மையைச் சொன்னார்கள். ஏன் சரி என்பதைக் கண்ணாலேயே காணலாம். தேங்காய்நார்க் கயிற்றை இறுக்கமான வளையங்களாக ஒன்றைச் சுற்றி ஒன்றாக அடுக்கி, வட்டத் தட்டாக்குங்கள். விளிம்பிலிருந்து மையம்வரை ஒரே நேர்கோட்டில் வெட்டி, வளையங்களைப் பிரித்து நேராக்கி அடுக்கினால் முக்கோணம் கிடைக்கும். அதன் அடி வட்டத்தின் சுற்றளவு, உயரம் ஆரம். முக்கோணத்தின் பரப்பு அடியில் பாதி பெருக்கல் உயரம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. இதில் பை என்ற எழுத்தே தேவைப்படவில்லை. கேட்கும் மாணவனுக்குச் சூத்திரத்தோடு காரணமும் கிடைத்துவிடுகிறது.

கயிறு தொய்யும், இழுத்தால் நீளும், அளவு எப்படித் துல்லியமாகும் என்று கேட்கலாம். பிழை வரும், மறுக்கவில்லை. ஆனால் விட்டத்தை நேரடியாக அளப்பதில் வரும் பிழையையும் பாருங்கள். 21 அடி விட்டத்தில் கயிறு மையத்தைவிட்டு 2 அடி விலகிப் போனால், நாம் அளப்பது விட்டமல்ல, நாண். அது நாலரை அங்குலம் குறையும், பரப்பில் 3.6 சதவீதம் போய்விடும். சுற்றளவில் அதே நாலரை அங்குலம் தவறினால் பரப்பு 1 சதவீதத்தைச் சற்றே தாண்டித்தான் மாறும். கிணறு சுத்த வட்டமாக இராதே என்பது இன்னொரு கேள்வி, இதுதான் கனமானது. ஒரு பக்கம் 22 அடி, மறுபக்கம் 20 அடியாகச் சற்று நீண்ட கிணற்றில் சுற்றளவை வைத்துக் கணக்கிட்டால் பரப்பு 0.3 சதவீதம் மட்டுமே கூடுதலாக வரும். 22 அடியை மட்டும் அளந்து அதையே விட்டம் என்று நம்பியவருக்கோ 10 சதவீதம் கூடிவிடும். 22/7 துல்லியமில்லை என்பது உண்மை. ஆனாலும் 6 மீட்டர் விட்டத்தில் அது தரும் சுற்றளவுப் பிழை 8 மில்லிமீட்டர்கூட இல்லை. கயிற்றின் முடிச்சே அதைவிடப் பெரிது.

கணக்கு எதிர்த்திசையிலும் ஓடும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் புஷ்பக் காவடியின் வளைவு சரியான அரைவட்டமாக, தண்டில் 3 அடி அகலத்துக்கு எழும்பினால், அதன் நீளம் 3ஐ 22ஆல் பெருக்கி 14ஆல் வகுத்தது: ஏறத்தாழ 4 அடி எட்டரை அங்குலம். பூச்சரம் வாங்கும்போது முனைகளில் கட்டுவதற்கு அரை முழம் கூட்டிக் கேளுங்கள்.