கிட்டில் இல்லாத பாகம்: அரக்கோணம் விமானமும் சோழவரம் காரும்

ஸ்கேல் மாடல் என்று சொன்னதும் பலர் "ஓ, பொம்மையா?" என்று கேட்பார்கள். பொம்மை கையில் பிடித்து விளையாட. உடையாமல் இருந்தால் போதும். ஸ்கேல் மாடல் அப்படி இல்லை. உண்மையில் இருந்த ஒரு குறிப்பிட்ட காரையோ விமானத்தையோ ஒரே விகிதத்தில் சுருக்கிக் காட்டுவது. விகிதம் ஓரிடத்தில் தப்பினாலும் தெரிந்தவர் கண்ணுக்கு உறுத்தும்.

கடையில் வாங்கும் கிட்டில் பெரும்பாலான பாகங்கள் இருக்கும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்தால் ஒரு கார் வந்துவிடும். ஆனால் நம்ம ஊர்க் காரோ, நம்ம ஊர் மேலே பறந்த விமானமோ வேண்டும் என்றால், வேண்டிய பாகம் மட்டும் கிட்டில் இருக்காது. அது எப்படி இருந்தது என்று நாமேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் ஒட்டுவதைவிடத் தேடுவதுதான் பெரிய வேலை என்று எனக்குப் புரிந்தது இதனால்தான்.

ஆர்.கே.பேட்டையில் உட்கார்ந்து இதை எழுத இரண்டு காரணங்கள் உண்டு. எங்களுக்குப் பக்கத்தில் அரக்கோணம் கடற்படை விமானத் தளம். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் மறு ஓரத்தில் சோழவரம். ஒன்று விமானத்துக்கு, இன்னொன்று ரேஸ் காருக்கு. இரண்டையும் வைத்தே விளக்குகிறேன்.

முதலில் கணக்கு

விமானங்களுக்கு 1/144, 1/72, 1/48, 1/32 ஆகிய விகிதங்கள் வழக்கம். கார்களுக்கு 1/43, 1/32, 1/24, 1/12. ஃபார்முலா-1 கார்களுக்கு 1/20 அதிகம் புழங்கும். 1/72 என்றால் உண்மையில் 72 செ.மீ. இருப்பது மாடலில் 1 செ.மீ.

சுலபமான கணக்குதான். ஆனால் நுணுக்க வேலைக்குப் போகும்போது இதை மறந்தால் மாடல் கெட்டுவிடும். விமானத்தின் உடம்பில் தகடுகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும், இல்லையா? 1/144 மாடலில் அதை 0.2 மி.மீ. அகலத்தில் கீறினால், உண்மையான விமானத்தில் அது ஏறக்குறைய 29 மி.மீ. பள்ளம். விரல் நுழைகிற அளவு! எந்த விமானமும் அப்படிப் பறக்காது. அதனால் கோட்டைக் கறுப்பாக நிரப்பாமல், உடம்பு நிறத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தியான நிறத்தில் லேசாகக் கழுவி விடுவார்கள். கண் தானாகவே அதை மெல்லிய கோடாக எடுத்துக்கொள்ளும்.

தூசியும் அப்படித்தான். 1/24 காரின் பெயிண்டில் சிக்கிய 0.1 மி.மீ. தூசி, நிஜத்தில் 2.4 மி.மீ. சரளைக்கல்.

அரக்கோணம்: எட்டு விமானங்கள், 32 விசிறி இலைகள்

அரக்கோணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி 1992-இல் தொடங்கப்பட்டது. ரஷ்யத் தயாரிப்பான டியு-142 விமானங்கள் அந்த வருஷம் கோவாவிலிருந்து இங்கே மாறின. சோவியத் யூனியனிடம் இந்தியா வாங்கியது மொத்தம் எட்டு. கடலில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவது அவற்றின் வேலை. 2017 மார்ச் மாதம் ராஜாளியிலேயே விடை கொடுத்தார்கள்.

இதன் நீளம் 53 மீட்டர். 1/72-இல் கட்டினால் சுமார் 74 செ.மீ. வரும், சாதாரண வீட்டு அலமாரியில் வைக்க முடியாது. 1/144 என்றால் 37 செ.மீ., சமாளிக்கலாம். நான்கு என்ஜின். ஒவ்வொரு என்ஜினிலும் முன்னும் பின்னுமாக இரண்டு விசிறி. ஒன்று சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் மற்றது சுற்றும். ஒவ்வொரு விசிறிக்கும் நான்கு இலை. கூட்டிப் பாருங்கள், 32 இலைகள். திசை எதிரெதிர் என்பதால் இலையின் முறுக்கும் எதிரெதிராக இருக்க வேண்டும். முன் விசிறியையும் பின் விசிறியையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு வைத்துக்கொள்ளாவிட்டால் மாட்டிக்கொள்வோம்.

இந்த விமானத்துக்கு டிரம்பெட்டர் என்ற சீன நிறுவனத்தின் கிட் உண்டு. ஆனால் அது டியு-142 எம்.ஆர். என்ற வகை. நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவதற்கான ரஷ்ய விமானம் அது. நம்ம கடற்படையிடம் இருந்தது நீர்மூழ்கியைத் தேடும் வகை. மூக்கு வேறு, வயிற்றுக்கு அடியில் இருப்பது வேறு. கிட்டை அப்படியே கட்டி மூவண்ண வட்டம் ஒட்டினால் அது அரக்கோணம் விமானம் ஆகாது. அந்த வட்டத்திலும் கவனம் வேண்டும்: வெளியே காவி, நடுவில் வெள்ளை, மையத்தில் பச்சை.

அப்படியானால் சரியான மூக்கை எங்கே பார்ப்பது? தளத்தின் வேலிப் பக்கம் கேமராவோடு போவது என்ற எண்ணமே வேண்டாம். அது பாதுகாப்புப் பகுதி. நல்ல வழி இருக்கிறது. ஒரு டியு-142 விமானத்தை விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், 2017 டிசம்பரிலிருந்து. டிக்கெட் எடுத்து உள்ளேயே போய்ப் பார்க்கலாம். அந்த இடத்தின் பெயரும் ஆர்.கே. பீச் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

டியு-142 போன இடத்துக்கு வந்த பி-8ஐ விமானத்திலும் இதே கதை. 2013 முதல் ராஜாளியில் இருக்கிறது. போயிங் 737-800 பயணிகள் விமானத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதால் '737 கிட் வாங்கினால் போதுமே' என்று தோன்றும். போதாது. பயணிகள் விமானத்தில் இறக்கை நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். இதில் பின்னோக்கிச் சரிந்து முடியும். சரி, அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ கிட்டை எடுத்தால்? அதிலும் ஒன்று குறையும். இந்திய விமானத்தின் வாலில் ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். கடலுக்கடியில் இருக்கும் இரும்பு உடம்பால் பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை உணரும் கருவி அதற்குள் இருக்கிறது. அமெரிக்கர்கள் தங்கள் விமானத்தில் அதை வைக்கவில்லை. இந்தியா கேட்டு வைத்துக்கொண்டது. பிளாஸ்டிக் குச்சியைத் தேய்த்துச் செய்யும் ஒரு சின்னக் கொம்புதான். அது இருந்தால் அரக்கோணம், இல்லாவிட்டால் அமெரிக்கா.

சோழவரம்: ஓடுபாதையில் ஓடிய கார்கள்

இப்போது மாவட்டத்தின் மறு ஓரத்துக்கு வருவோம். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்த பிறகு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950-களிலிருந்து அங்கே ரேஸ் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் தனி ரேஸ் டிராக் 1990-இல் வரும்வரை, தென்னிந்தியாவில் கார் ரேஸ் என்றாலே சோழவரம்தான்.

அங்கே ஓடியவற்றில் வெளிநாட்டு ரேஸ் கார்களும் உண்டு. எனக்குப் பிடித்தவை உள்ளூர்க் கார்கள். பெங்களூரில் தயாரான சிபானி டால்ஃபின் ஒரு உதாரணம். பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரின் இந்திய வடிவம் அது. ஃபைபர் கிளாஸ் உடம்பு, எடை குறைவு, பின் சக்கர இழுவை. ரோட்டில் பெரிதாக விற்காவிட்டாலும் 1980-களில் ரேஸிலும் ராலியிலும் சக்கைப்போடு போட்டது.

இன்னொன்று ஸ்டாண்டர்டு ஹெரால்ட். பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டை சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் தயாரித்தார்கள். இதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது: ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் 1/32 அளவில் ட்ரையம்ஃப் ஹெரால்ட் கிட் வெளியிட்டது. கட்டி முடித்தால் 12 செ.மீ. நீளம். ஆனால் இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டு கதவு. பிற்காலத்து இந்திய ஹெரால்டுக்கு நான்கு கதவு. நான்கு கதவு ஹெரால்ட் நம்ம நாட்டில் மட்டும் வந்தது. அதனால் கதவுக் கோட்டைப் புட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, புது இடத்தில் கீற வேண்டும். ரேஸுக்குத் தயார் செய்த கார் என்றால் இன்னும் கேள்விகள் வரும். பம்பரைக் கழற்றினார்களா? எந்த சீட்டை விட்டுவைத்தார்கள்? வீல் அகலமானதா? நம்பர் எந்தக் கதவில், என்ன எழுத்தில்?

தறி நூலும் என்ஜின் ஒயரும்

ஹெரால்டின் பானட் தனியாகத் திறக்காது. காரின் முன்பக்கம் முழுவதுமே முன்னால் சாயும். திறந்து காட்ட ஆசைப்பட்டால் என்ஜின் முழுசாக வெளியே தெரியும். அப்போது ஒயர், குழாய் எல்லாம் போட வேண்டும். இங்கேதான் எங்கள் ஊர் கைகொடுக்கிறது.

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு பக்கமெல்லாம் விசைத்தறி. நூலை நம்பர் வைத்துத்தான் சொல்வார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். பருத்தி நூலின் குறுக்களவுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: நம்பரின் வர்க்கமூலத்தை 28-ஆல் பெருக்கி, 1-ஐ அதனால் வகுத்தால் அங்குலத்தில் கிடைக்கும். அதன்படி 20-ஆம் நம்பர் நூல் 0.2 மி.மீ.; 40-ஆம் நம்பர் 0.14 மி.மீ.

இப்போது காருக்கு வாங்க. ஸ்பார்க் பிளக் ஒயர் தடிமன் சுமார் 7 மி.மீ. 1/32-இல் 0.22 மி.மீ. ஆக, 20-ஆம் நம்பர் நூல். பிரேக் குழாய் 4.75 மி.மீ.; 1/32-இல் 0.15. அது 40-ஆம் நம்பர். நான்கு சிலிண்டருக்கு நான்கு ஒயர், காயிலுக்கு ஒன்று, மொத்தம் ஐந்து துண்டு. செலவு பூஜ்யம்.

நூலில் ஒரு தொல்லை உண்டு: பிசிறு. சும்மா ஒட்டினால் கம்பளிப்பூச்சி மாதிரி தெரியும். பக்கத்துத் தறிக்கார அண்ணனிடம் கேட்டபோது, "ஊடை நூல எதுக்குடா எடுத்த? கஞ்சி போட்ட பாவு நூல எடு" என்றார். தறியில் உரசி அறுந்து போகாமல் இருக்கத்தான் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறார்கள். அதில் பிசிறு படிந்துவிடும். அதன்மேல் ஒரு சொட்டு ஃபெவிக்விக்கை ஊசியால் தடவி, கறுப்புப் பெயிண்ட் அடித்தால் அசல் ஒயர்தான். வெளிநாட்டு மாடல்காரர்கள் இதற்கென்றே தனி ஒயர் பாக்கெட் வாங்குகிறார்கள்!

எந்த நாளின் கார்?

நுணுக்க வேலையில் கடைசியாகவும் முக்கியமாகவும் வரும் கேள்வி இது. ஒரே கார் ஒரு ரேஸிலிருந்து அடுத்த ரேஸுக்குள் மாறிவிடும். ஸ்டிக்கர் மாறும், டயர் மாறும், இறக்கை மாறும்.

இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஃபார்முலா-1 வரை போன நரேன் கார்த்திகேயனின் காரையே எடுத்துக்கொள்வோம். 2005-இல் அவர் ஓட்டியது மஞ்சள் நிற ஜோர்டன் இ.ஜே.15. அந்த வருஷம் ஜூன் 19-ஆம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் மிஷ்லின் டயர் போட்ட 14 கார்களும் டயர் பிரச்சினையால் ஒதுங்கிவிட, பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். அந்த நாளின் காரைச் செய்தால் டயரில் பிரிட்ஜ்ஸ்டோன் எழுத்து இருக்க வேண்டும். அதோடு 2005-இல் ஒரு விதி: தகுதிச் சுற்றையும் முழு ரேஸையும் ஒரே செட் டயரில் ஓட்ட வேண்டும். ஆக, ரேஸ் முடிந்த காரைக் காட்டுகிறவர் டயரின் பள்ளக் கோடுகளை உப்புத்தாளால் மழுங்கடித்து, ரப்பரைக் கரடாக்க வேண்டும். கிட்டிலிருந்து எடுத்த புத்தம்புது டயர் அங்கே பொய் சொல்லும்.

சிகரெட் விளம்பரம் இன்னொரு சிக்கல். பழைய ரேஸ் கார்கள் பலவற்றிலும் சிகரெட் கம்பெனிப் பெயர்தான் பெரிதாக இருக்கும். இன்றைய கிட்களில் அதை நீக்கிவிட்டு விற்கிறார்கள். அசலாக வேண்டும் என்பவர்கள் சிறு நிறுவனங்கள் தனியாக அச்சிடும் டீக்காலை (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் படம்) வாங்கி ஒட்டுகிறார்கள்.

பெயிண்ட் பற்றி ஒரு வார்த்தை: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லேக்கர் பெயிண்ட் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் பட்டு பால் பூத்த மாதிரி வெளுத்துவிடும். மழைக்காலத்தில் வெட்டு, ஒட்டு, தேய். பெயிண்ட் தை பிறந்த பிறகு.

இதனால் என்ன பயன்?

நரேனின் காருக்கு ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. டியு-142 அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சோழவரத்தில் ஓடிய ஹெரால்டும் டால்ஃபினும்? ரேஸ் முடிந்ததும் திரும்ப ரோட்டுக்கு வந்து, கை மாறி, கடைசியில் காயலான் கடைக்குப் போயிருக்கும். கோயம்புத்தூர் கரிவரதன் 1980-களின் கடைசியில் மாருதி 800-இன் 796 சி.சி. என்ஜினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்கள் ஒரு தலைமுறை ஓட்டுநர்களையே வளர்த்தன. அவற்றுக்கும் கடையில் கிட் கிடையாது. கிட் தயாரிப்பவர் விற்கிற காரைத்தான் செய்வார், அதில் தப்பில்லை. நம்ம காருக்கான ஆதாரத்தை நாம்தான் சேர்க்க வேண்டும்.

மாடல் கட்டுகிறவன் கேட்கிற கேள்விகள் வரலாற்றுப் புத்தகத்தில் வராது. கண்ணாடி எந்தப் பக்கம், பெட்ரோல் மூடி எங்கே, நம்பர் வட்டம் வெள்ளையா மஞ்சளா? பதில் தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் இப்போது வயது எழுபது, எண்பது. அவர்கள் போய்விட்டால் கேட்க ஆள் இல்லை.

அதனால் மாடல் கட்டும் ஆசை உங்களுக்கு இல்லாவிட்டாலும் ஒரு வேலை செய்யலாம். உங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்பாவோ சித்தப்பாவோ சோழவரத்தில் ஒரு கார் பக்கத்தில் நிற்கும் படம் இருந்தால், அதன் பின்னால் பென்சிலால் மூன்று விஷயம் எழுதி வையுங்கள்: எந்த வருஷம், யாருடைய கார், என்ன நிறம். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் அந்த மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம்.