சுற்றிப் போனால் சீக்கிரம்

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா விமானம் ஐரோப்பாவைத் தாண்டி அட்லாண்டிக் வழியாக மேற்கு நோக்கித்தான் பறந்துகொண்டிருந்தது. தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் அதைக் கிழக்கே திருப்பிப் பசிபிக் கடல் மேல் விட்டார்கள். இந்த வழி 15,300 கிலோமீட்டர். ஆனாலும் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய வழியில் இன்னும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும்.

பூமியின் சுழற்சிதான் காரணம் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் பூமி கிழக்கு நோக்கித்தான் சுழல்கிறது. அப்படிப் பார்த்தால் மேற்கே போகிறவருக்கு அல்லவா லாபம்? காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அந்தக் கணக்கு எந்தப் பக்கமும் செல்லாது.

விமானம் பறப்பது தரைமேல் அல்ல, காற்றுக்குள். காற்றில் அதன் வேகம் எந்தத் திசையிலும் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பதினான்கரை மணி நேரத்தில் அது கடந்த காற்று சுமார் 13,000 கிலோமீட்டர்தான். மிச்சம் 2,300 கிலோமீட்டரைக் காற்றே சுமந்து கொடுத்தது. மேற்கு வழியில் பதினாறரை மணி நேரம் என்றால், கடக்க வேண்டிய காற்று கிட்டத்தட்ட 14,800 கிலோமீட்டர். வரைபடத்தில் நீளமான வழி, காற்றில் குட்டையானது! எரிபொருளும் காற்றில் கழியும் நேரத்துக்குத்தானே செலவாகிறது.

இந்தக் காற்றுக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். வெப்பமண்டலத்தில் சூடான காற்று விரிந்து உயரமாக நிற்கும். துருவத்தில் குளிர்ந்து சுருங்கிக் கிடக்கும். அதனால் பத்து கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் தெற்கே அதிகம், வடக்கே குறைவு. வடக்கு நோக்கிப் பாயும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்பக்கம் திருப்ப, அது கிழக்கு நோக்கி ஓடுகிறது. (சுழற்சிக்கு இங்கேதான் வேலை.) மணிக்கு 200 கிலோமீட்டர் வேகமெல்லாம் அங்கே சாதாரணம்.

1920களில் ஜப்பானின் தடேனோ ஆய்வகத்தில் வாசபுரோ ஓஇஷி பலூன்களை ஏவி இதை அளந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். பாவம், உலகம் படிக்கவில்லை. 1944இல் ஜப்பான் மீது குண்டு போடப் போன அமெரிக்க பி-29 விமானிகளுக்கு அந்தக் காற்று பெரும் புதிராக இருந்தது.

டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் உண்மையிலேயே குறுகிய வழி வேறொன்று: சைபீரியாவின் வடகோடியைத் தொட்டுச் செல்லும் 12,400 கிலோமீட்டர். குறுக்கே இமயமும் திபெத்தும் நிற்கின்றன. கேபினில் அழுத்தம் போய்விட்டால் விமானம் உடனே பத்தாயிரம் அடிக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே அதைவிட உயரம். அதைத் தாண்டினால் துருவக் குளிர். ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி செல்சியஸ். இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் பார்த்துக்கொண்டே போவார்கள். குளிர் மிஞ்சினால் கொஞ்சம் கீழே இறங்குவார்கள், இல்லையென்றால் வேகத்தைக் கூட்டுவார்கள்.