கூட்டைக் கலைக்காதீர்!

பொன்மலைத் தொழிலாளர் குடியிருப்பிலே, துணி காயப்போடும் கம்பியில் நாரும் சருகும் கலந்த சிறு பை ஒன்று தொங்கும். ஒட்டடை என்று எண்ணித் துடைப்பத்தை ஓங்குவோம். ஓங்கிய கை நிற்கட்டும், தோழர்களே! அது ஒட்டடை அல்ல, ஒரு குடும்பத்தின் வீடு. தேன்சிட்டின் கூடு!

பத்து கிராம் எடைகூடத் தேறாத பெட்டைப் பறவை, சிலந்தி நூலைத் தேடிக் கொணர்ந்து கட்டிய வீடு அது. பக்கவாட்டில் வாசல், அதன் மேல் மழை படாதிருக்கச் சிறு தாழ்வாரம். கொத்தனாரும் இல்லை, கூலியும் இல்லை!

திருச்சியிலும் திருவரங்கத்திலும் நாம் காண்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஊதாத் தேன்சிட்டு. இதன் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் கருநீலமாய் மின்னும். காலம் முடிந்ததும் பகட்டைக் களைந்து, மார்பில் ஒரு கருங்கோட்டை மட்டும் வைத்துக்கொள்ளும். அரபுத் தீபகற்பத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து வியட்நாம் வரை இதன் நாடு. மற்றொன்று, மஞ்சள் வயிறுடைய ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகியவை இதன் நாடு.

1948இல் தோன்றிய உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தனது சிவப்புப் பட்டியலில் இவ்விரண்டையும் ‘கவலை குறைந்தவை’ என்று எழுதியிருக்கிறது. தவறு என்று நாம் சொல்லவில்லை. பரந்த நிலத்தில் வாழும் பறவை எளிதில் அழியாது. இந்தோனேசியாவின் சங்கிஹே தீவில் வாழும் தேன்சிட்டோ ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. அந்தத் தீவின் காடு அழிந்தால் அதற்குப் போக்கிடம் ஏது?

ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம்: கவலை குறைவு என்றால் கடமையும் குறைவா? பிணந்தின்னிக் கழுகாம் பாறு, ஒரு காலத்தில் எண்ணி மாளாத கூட்டமாய் இருந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்னும் வலி மருந்து, மாடு செத்தபின் அதன் இறைச்சி வழியாகக் கழுகைக் கொன்றது. 1992க்கும் 2007க்கும் இடையே, இந்தியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு 99க்கு மேல் மறைந்தது! மாட்டுக்கு அம்மருந்து தரத் தடை வந்தது 2006இல். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. பட்டியல் உலகக் கணக்கு. நம் தெருவின் கணக்கை அது எழுதாது. தெருக் கணக்கை எழுத வேண்டியவர்கள் நாம்தாம்.

காவிரிக் கரை வாழைத் தோட்டத்தைப் பாருங்கள். பூவின் மடல் விரிந்தால் தேன்சிட்டு வந்துவிடும். நாம் பயிரிடும் வாழை காய்க்க அதன் தயவு வேண்டாம். மகரந்தம் சேராமலே காய்க்கும். ஆனால் சிட்டுக்குப் பூ வேண்டும். குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும் வேண்டும். கண்மூடி மருந்து தெளித்தால் குஞ்சு எதைத் தின்னும்?

திருவரங்கம் மேலூரில் 2015இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் பூங்கா ஓரிடம், தெருக்கள் ஆயிரம். வாசலில் ஒரு செம்பருத்தி, வேலியில் ஒரு கலியாண முருங்கை போதும். தேடி வரும்!

காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் சிதைப்பது குற்றம் என்கிறது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். சட்டத்துக்காகவா நாம் கை மடக்க வேண்டும்? குடிசையைப் பிரித்தெறிந்தால் குடியிருந்தவன் படும் பாடு நமக்குத் தெரியாதா?

ஏறத்தாழ ஒரு மாதம்! முட்டை பொரிந்து குஞ்சு பறந்துவிடும். அதுவரை துணியை வேறு கம்பியில் போடுவோம்.